பூர்வீகம் கேட்கும் அரசு

மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தம் முன்னோர் 1950 ஆகஸ்டு 10ஆம் நாளுக்கு முன்பே அம்மாநில எல்லைக்குள் வாழ்ந்தனர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அரசமைப்பின் 341ஆவது பிரிவின்படி பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை பிறந்த நாள் அது. தாராவியில் பிறந்து, அங்கேயே படித்து, வேறு ஊரை விடுமுறைக்கு மட்டுமே பார்த்திருக்கும் நெல்லைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி விண்ணப்பத்தோடு இந்த நாளின் முன் வந்து நிற்கிறது. பாட்டனார் எந்த ஆண்டு வந்தார்? எந்த ஊரிலிருந்து? எதற்காக? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: பிழைப்புத் தேடி வந்தோம்.

பிழைத்தல் என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும், சாவிலிருந்து தப்புதல் என்றும் தமிழில் இரு பொருள் உண்டு. பின்னதை எடுத்துக்கொண்டால் பெரியவர்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் எதிலிருந்து தப்பினார்கள் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. வறுமை, மழையின்மை, தலைவிதி என்று இயற்கையின் மீது பழி போய்விடுகிறது. நிலம் யாரிடம் இருந்தது என்ற கேள்வி எழாமலே போகிறது.

பழைய திருநெல்வேலி மாவட்டம் ஒரே நிலம் அன்று. தாமிரபரணியின் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நீர் தந்த அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் கார், பிசானம் என்று இருபோகம் விளைந்தது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் மானாவாரியும் பனையும் செம்மணல் தேரியும். வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரம் பருத்தி விளையும் கரிசல். ஆற்றங்கரையின் நன்செயில் பெரும்பகுதி கோயில்கள், மடங்கள், மிராசுதார்கள் கையில் இருந்தது. உழுதவர்களில் நிலமற்ற தலித் மக்களே மிகுதி. நாற்று நட்டதும் களம் அடித்ததும் அவர்கள்தாம். புன்செய்க் காட்டில் மழை பொய்த்த ஆண்டில் குடும்பம் ஆற்றங்கரைக்கு அறுவடைக்குப் போகும். அறுவடை முடிந்தால் திரும்பும், திரும்பாமலும் போகும். வாங்கிய முன்பணம் காலைக் கட்டும். ஒரு பண்ணையின் கடனிலிருந்து விடுபட இன்னொரு பண்ணையாரிடம் கடன் வாங்கி ஊர் மாறும் வழக்கமும் இருந்தது. தாராவிக்கு வந்து சேர்ந்த பல குடும்பங்களின் வரலாற்றில் பம்பாய் முதல் ஊர் அன்று. அதற்கு முன்பே இரண்டு மூன்று ஊர்கள் மாறியாகிவிட்டது, அவையெல்லாம் வயல் சார்ந்த ஊர்கள்.

இத்தகைய நகர்வை லெனின் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்திருக்கிறார். 1899இல் வெளிவந்த ‘ரஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ நூலில், ஒரு விவசாயப் பகுதியிலிருந்து இன்னொரு விவசாயப் பகுதிக்குக் கூலியாட்கள் ஆண்டுதோறும் நடந்து போவதைப் பற்றி விரிவாக எழுதுகிறார். பண்ணையடிமை முறையின் மிச்சமான உழைப்புச் சேவை எங்கே அழுத்தமாக இருந்ததோ அங்கிருந்து, காசாகக் கூலி கிடைக்கும் தெற்குப் புல்வெளிப் பகுதிகளுக்கு அவர்கள் போனார்கள். மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்களே என்று நரோத்னிக்குகள் வருந்தினர். அந்த ஊர்தானே அவர்களைக் கட்டிவைத்திருந்தது என்பது லெனினின் வாதம். கூலி வேறுபாடு மட்டும் மனிதரை நகர்த்துவதில்லை. கட்டு அறுவதற்கான வாய்ப்பும் நகர்த்துகிறது. நெல்லைச் சேரிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அங்கே கட்டு என்பது கடன் மட்டுமன்று, சாதியும்.

தாது ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 காலத்திற்குச் சற்று முன்புதான் ரயில் பாதைகள் வந்து சேர்ந்திருந்தன. 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இணைந்தன; 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. பஞ்ச காலத்திலும் தானியம் ஏற்றுமதியானது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்த ரிச்சர்டு டெம்பிள், பிறகு பம்பாய் மாகாணத்தின் கவர்னரானார். அந்தக் கூலியை ஏற்க மறுத்துப் பம்பாய் மாகாணத்தின் நிவாரணப் பணியாளர்கள் 1877இல் வேலையைவிட்டு வெளியேறினார்கள் என்பது பாடநூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

நெல்லையிலிருந்து கிளம்பியவர்களுக்கு முதலில் திறந்த வாசல் இலங்கைத் தோட்டங்கள். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். வாசவன்பட்டிச் சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியிருக்கிறார். நெல்லையில் வேளாளக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர் 1930களில் அந்தப் பயணத்தைச் சேரியின் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்திருக்கிறது.

இரண்டாவது வாசல் அதே மாவட்டத்தின் மலையில் திறந்தது. சிங்கம்பட்டி ஜமீனின் காட்டில் 8,300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாம்பே பர்மா வர்த்தகக் கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலையின் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கச் சமவெளியின் தலித் குடும்பங்கள் மலையேற்றப்பட்டன. நெல்லையின் மனிதர்கள் பம்பாயின் தோல்ஷாப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் பம்பாயின் மூலதனம் நெல்லையின் மலைக்கு வந்துகொண்டிருந்தது. மூலதனத்திடம் எவரும் பூர்வீகம் கேட்கவில்லை. கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை பாய்ந்தது. 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். 2024இல், குத்தகை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களுக்குக் கணக்கு முடித்தது. நான்கு தலைமுறைக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கச் சொல்லப்படும் அவர்களுக்குச் சமவெளியில் ஊர் எது?

பம்பாய் மூன்றாவது வாசல். பாந்த்ராவின் இறைச்சிக்கூடத்திற்கு அருகில், கோளி மீனவர்களின் சதுப்பு நிலத்தையொட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடும் நுட்பம் தமிழ்நாட்டில் பழையது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோல்ஷாப்புகளைத் தொடங்கினர், நெல்லைத் தலித் மக்கள் அவற்றின் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கினர். பிறர் தொடக் கூசிய வேலை என்பதால்தான் அது இவர்களுக்குக் கிடைத்தது. இங்கும் சாதி கூடவே வந்தது. ஆயினும் வாரக்கூலி காசாக வந்தது, பண்ணையார் தெருவில் எதிர்ப்படவில்லை. ஊருக்குப் போய்வந்தவர் செருப்பணிந்து தெருவில் நடந்ததே ஒரு தகராறுக்குப் போதுமான காலம் அது.

தாராவியிலிருந்து நடந்தே போகக்கூடிய மாட்டுங்காவில் இன்னொரு தமிழ்க் குடியேற்றம் நிகழ்ந்தது. 1896இன் பிளேக்கிற்குப் பிறகு அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா மனைப்பிரிவில், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் கற்று வந்த குமாஸ்தாக்கள் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமே தோன்றிவிட்டது. அடுத்த தலைமுறைகளில் பலர் செம்பூருக்கு நகர்ந்தனர். அவர்களும் விவசாயப் பகுதியிலிருந்து வந்தவர்களே. ஆனால் பலர் நிலத்தை விற்றோ வாரத்துக்கு விட்டோ வந்தவர்கள். பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, பள்ளிச் சான்றிதழ் இருந்தது, கோத்திரமும் கொடிவழியும் எழுதிவைத்த ஏடு இருந்தது. முன்னோர் வரலாறு தேடும் இன்றைய ஆர்வம் இத்தகைய வீடுகளில் எளிதாக நிறைவேறும். பண்ணையாளின் பெயரைப் பட்டாவில் எழுதியவர் எவர்?

இங்கேதான் ஆகஸ்டு 10 என்ற நாளின் கொடுமை விளங்குகிறது. எழுத்தும் நிலமும் மறுக்கப்பட்டதாலேயே பட்டியலில் சேர்க்கப்பட்ட மக்களிடம், எழுத்தும் நிலமும் உள்ளவர்கள் மட்டுமே காட்டக்கூடிய ஆதாரம் கேட்கப்படுகிறது. இலங்கை 1948இல் இதைத்தான் செய்தது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அன்று அதைக் கண்டித்த இந்தியாவில், அதே சாயல் கொண்ட விதி மாநில எல்லைகளுக்குள் சத்தமின்றி இயங்குகிறது.

உச்ச நீதிமன்றம் 1990இல் அளித்த தீர்ப்பின் அடிப்படையும் பம்பாய்க் கதைதான். ஆந்திரத்தில் பிறந்து, பொதுத்துறை உர நிறுவனத்தில் பணிபுரிந்த தந்தையோடு ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டார். பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கே உரியது, இடம்பெயர்ந்தவர் அதைச் சுமந்து செல்ல முடியாது என்றது அரசமைப்பு அமர்வு. 1994, 2018ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளும் இதனையே உறுதிசெய்தன. இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் பயன்களுக்கான சான்றிதழ் கிடைக்க வழியுண்டு. மாநிலக் கல்லூரியின் இடமும் மாநில அரசின் வேலையும் எட்டாது. 2023இல் பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று கூறியது. இழிவு எல்லை தாண்டி வரும் என்று ஏற்ற பிறகு, பரிகாரம் மட்டும் எல்லையில் நிற்பது எப்படி நியாயமாகும்?

மராட்டியத் தலித் மக்களின் பங்கில் தமிழர் கைவைப்பதா என்ற கேள்வி எழும். அதை வெறுப்புப் பேச்சு என்று தள்ளிவிட இயலாது. ஆனால் இருப்பதைப் பிரித்துக்கொள்ளும் இரு ஏழைகளின் சண்டையாக இதை மாற்றியதே ஆட்சியாளர்களின் வெற்றி. இடம்பெயர்ந்தோருக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கலாம். தனியார் துறையில் இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கலாம். மண்ணின் மைந்தர் முழக்கம் 1966இல் தென்னிந்தியர்மீது பாய்ந்தது. 1970இல் பரேலின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். மராட்டியத் தொழிலாளியின் தலைவராகிய அவரைக் கொன்றதன் மூலம் அந்த முழக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பதை ஆலை முதலாளிகள் அறிவார்கள்.

தாராவி மறுசீரமைப்பிலும் நாள்கள்தாம் ஆட்சி செய்கின்றன. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் இருந்தால் 350 சதுர அடி வீடு தாராவியிலேயே இலவசம். 2011க்கு முன் வந்தவர் இரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்துத் தாராவிக்கு வெளியே போக வேண்டும். அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் வாழ்பவருக்கும் வெளியே வாடகை வீடு. திட்டத்தின் 80 விழுக்காட்டுப் பங்கு அதானி குழுமத்திடம் இருக்கிறது. 1976இல் அவசரநிலையின்போது ஜனதா காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு விரட்டப்பட்டதை செம்பூர், மான்குர்து பகுதி மறக்கவில்லை. அந்த எதிர்ப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த இன்னொரு இடம்பெயர்ந்தவர்.

வயலிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து தோட்டத்துக்கும், தோல்ஷாப்புக்கும் நகர்ந்த இக்குடும்பங்களின் வரலாற்றைத் தொகுக்கும் பணியைச் சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் பட்டிமன்ற விழாக்களுக்கு இடையே கையிலெடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவுகளை ஊர், பண்ணை, கடன், வந்த ரயில், முதல் தோல்ஷாப் என்று கேட்டுப் பதிவுசெய்யலாம். ஊர்க் கோயில் வரிப் புத்தகமும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் சர்ச்சின் திருமுழுக்குப் பதிவேடும் எங்கெங்கே எஞ்சியுள்ளன என்று பட்டியலிடலாம். அத்தகைய வாக்குமூலத்தையும் நேரடி விசாரணையையும் சான்றாக ஏற்கும்படி மகாராஷ்டிர அரசின் விதிகள் திருத்தப்பட வேண்டும். 341ஆவது பிரிவின்கீழ்ப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. இடம்பெயர்ந்த பட்டியல் சாதியினருக்கான சட்டத்தை அது இயற்றத் தடை எதுவுமில்லை. அந்த முதியவர்களில் பலர் குடியிருப்பது, கணக்கெடுப்பில் தகுதியற்றதாகக் குறிக்கப்படும் மாடி அறைகளில். கணக்கெடுப்பு 2024 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.