ஐநூறு ரூபாய்க்கு ஒரு முக்கோணம்

"மெஷின்ல போட்டா ஒரே நாள்ல நூறு வந்துடும்க்கா, நீங்க ஏன் கையை ஒடிச்சுக்கறீங்க? ஐநூறுன்னா பத்து எடுத்துக்கறேன்."

ஏற்காடு ஏரிப் பக்கம் ஸ்வெட்டர், சால்வை விற்கிற ஒருத்தர் என்னிடம் சொன்னது. அவர் கையில் இருந்தது நானே டிசைன் பண்ணி குரோஷாவில் போட்ட முக்கோண சால்வை. கோபம் வரவில்லை, கணக்குதான் வந்தது.

முதலில் சால்வை பற்றிக் கொஞ்சம் (பீத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க). டிசம்பரில் இங்கே தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக இருக்குமே, அதைச் சால்வையில் கொண்டுவரணும்னு ஆசை. ஒரே கண்ணில் ஐந்து தடவை பாதி பாதியாகப் போட்டு, கடைசியில் ஐந்தையும் சேர்த்து ஒரே இழுப்பு. குண்டாக ஒரு பழம் துருத்திக்கொண்டு நிற்கும். பிடரிப் பக்கம் ஆரம்பித்து, வரிசைக்கு வரிசை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் கண்களைக் கூட்டிக்கொண்டே போனால் முக்கோணம் விரியும். மொத்தம் 64 வரிசை. 32 முடிந்ததும் பாதி ஆச்சுன்னு காபி போட்டுக் குடிச்சேன். நூலை நிறுத்துப் பார்த்தால் செலவானது கால் பங்குதான்! ஒவ்வொரு வரிசையும் முந்தினதைவிட நீளம் இல்லையா? பாதி நூல் தீர்வது 45வது வரிசையில்தான். குறித்து வைத்துக்கோங்க. இல்லைன்னா கடைசி வரிசைகளுக்கு நூல் தேடி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போகணும். நான் போனேன்.

இப்போ கணக்கு. நூல் 360 ரூபாய். வேலை 40 மணி நேரம். ஐநூறுக்குக் கொடுத்தால் கூலி 140. மணிக்கு மூன்றரை ரூபாய்.

மெஷின் கதைக்கு வருவோம். நிட்டிங்குக்கு 1589லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். குரோஷாவுக்கு, ஆய்வுக்கூட முயற்சிகளைத் தாண்டி, கடைக்குச் சரக்கு போடுகிற இயந்திரம் இன்றுவரை இல்லை. பார்க்க அதுபோலவே இருக்கிற மெஷின் துணி உண்டு, அது வேற. நிஜ குரோஷா எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், யாரோ ஒருத்தர் கொக்கி ஊசியால் கண் கண்ணாகப் போட்டதுதான்.

யார் அந்த ஒருத்தர்? ஆந்திராவில் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982ல் ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டுச் சந்தைக்குத் தினமும் பல மணி நேரம் பின்னுகிறவர்களை, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ செய்யறாங்க" என்றே கணக்கு வைத்திருந்தார்கள். கூலியும் அடிமாட்டு விலைதான். 2024ல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனா கூலி அதோடு தானா ஏறிடாது.

என் கட்சி இதுதான்: பொழுதுபோக்குக்குப் போடுகிற நாம் நூல் விலைக்கு விற்கக் கூடாது. "சும்மாதானே இருக்கேன், நூல் காசு வந்தா போதும்"னு நாம் வைக்கிற ஐநூறுதான், அதை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு உச்ச விலையாகிறது. நம்ம அடுப்பு வேற வருமானத்தில் எரியுது. கொடுக்கணும்னா சும்மா கொடுங்க. விற்கணும்னா மணிக்கணக்கு போட்டு விலை சொல்லுங்க. அவ்வளவு விலைக்கு யார் வாங்குவாங்கன்னு கேட்பீங்க. பல பேர் வாங்க மாட்டாங்க, ஒத்துக்கறேன்.

கடைக்காரரிடம் மணிக்கு ஐம்பது வைத்து 2,360 என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். சால்வை இப்போ பக்கத்து வீட்டுப் பாட்டி தோளில். சும்மா கொடுத்ததுதான். சாஞ்சு உட்கார்ந்தா காப்பிப் பழம் முதுகுல உறுத்துதாம் :-)