நாயின் கிண்ணத்தை மாற்றும் முன்...

நாய் வளர்க்கும் தோழியருக்காக இதை எழுதுகிறேன். 'நாய்க்கு என்ன போடுவது என்பதெல்லாம் ஒரு விஷயமா?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். என் வீட்டில் அந்த விஷயம், கர்ப்பிணிப் பெண்ணின் உடல்நிலை வரை வந்து நின்றது!

எங்கள் வீட்டு மணி, லாப்ரடார் ஜாதி. வயது 4, எடை 28 கிலோ. என் மகன் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கியவன், வேலை கிடைத்து பெங்களூரு போய் விட்டான். குளிப்பாட்டுவது, நடக்க வைத்துக் கூட்டி வருவது, வாந்தி எடுத்தால் துடைப்பது எல்லாம் என் தலையில்! பல வீடுகளில் நடக்கும் கதை தானே இது?

குட்டியிலிருந்தே மணிக்கு, பாக்கெட்டில் வரும் உலர் தீனி தான். காலையும், மாலையும் அளந்து போட்டால் வேலை முடிந்தது. சென்ற கோடையில், மணி ஓயாமல் உடம்பைப் பிறாண்ட ஆரம்பித்தது. வாலுக்கு மேலே முடி கொட்டி, புண்ணாகி விட்டது. மகனிடம் போனில் சொன்னேன்.

''அந்த பாக்கெட் தீனி தாம்மா காரணம். அதுல நிறைய மாவுச்சத்து. நாய், ஓநாய் வம்சம்மா. பச்சைக் கறியும், எலும்பும் தான் அதுக்கு இயற்கை உணவு. நாளையிலேர்ந்து மாத்திடு,'' என்றான்.

கூடவே ஒரு கணக்கும் சொன்னான். உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் கறி. அதில், 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் போன்ற உள்ளுறுப்பு. மணிக்கு, நாளொன்றுக்கு 560 முதல் 840 கிராம்! இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர், 1993ல் எழுதிய புத்தகம் தான் இந்த முறையைப் பிரபலமாக்கியதாம்.

படித்த பிள்ளை சொல்கிறானே என்று, மறுநாளே கோழிக்கடைக்குப் போனேன். சதை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கழுத்தும், காலும், ஈரலுமாக வாங்கி வந்து போட்டேன். மணி, கிண்ணத்தை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கி விட்டது. எனக்கும் சந்தோஷம் தான்.

மூன்றாம் நாள், வீடு முழுக்க பேதி. ஒரு வாரம் கழித்து, அதற்கு நேர்மாறாக, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி போக முடியாமல் முக்கியது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அரசு கால்நடை மருத்துவமனைக்கு, ஆட்டோவில் அழைத்துப் போனோம்.

அங்கிருந்த பெண் டாக்டர், மணியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு, வாலுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினார். குட்டி குட்டியாகத் தெள்ளுப்பூச்சி ஓடியது! ''இது கடிச்சதால வந்த அரிப்பும்மா. தீனியை ஏன் மாத்தினீங்க?'' என்றார். நான், விழித்தேன்.

பேதிக்குக் காரணம், ஒரே நாளில் தீனியை மாற்றியது. எந்த உணவானாலும் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று ஆரம்பித்து, 7 முதல் 10 நாட்களில் தான் மாற்ற வேண்டுமாம். சுண்ணாம்புக் கட்டிக்குக் காரணம், சதையைக் குறைத்து எலும்பை அதிகமாகப் போட்டது. சரி, எலும்பே இல்லாமல் வெறும் சதை போடலாமா என்றால், அதுவும் கூடாதாம். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தினமும் அதையே போட்டால், உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் கொள்ளும். வளரும் குட்டியாக இருந்தால், கால் வளைந்து, எலும்பு முறிந்தே போகும். ஈரல் தானே மலிவு என்று அதை அள்ளிப் போட்டாலோ, 'வைட்டமின் - ஏ' மிஞ்சிப் போய்க் கெடுதல்.

இதெல்லாம் நாயைப் பற்றியது. அடுத்து டாக்டர் கேட்டது தான் என்னை உலுக்கி விட்டது.

''வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?''

''நானும் என் வீட்டுக்காரரும், சர்க்கரை வியாதியோட எங்க அத்தை. வளைகாப்பு முடிஞ்சு, தலைப்பிரசவத்துக்கு மக வந்திருக்கா,'' என்றேன்.

டாக்டர், பேனாவைக் கீழே வைத்து விட்டார். ''பச்சைக் கறியை உடனே நிறுத்துங்க,'' என்றார்.

அவர் விளக்கியது இது தான். பச்சை இறைச்சியில், சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கலாம். ஆரோக்கியமான நாய், அதைத் தின்று விட்டு ஒன்றும் ஆகாதது போல் இருக்கும். ஆனால், அதன் எச்சிலிலும், மலத்திலும் கிருமி வெளியேறிக் கொண்டே இருக்கும். அது நக்கிய கையோடு நாம் சாப்பிட்டால், நமக்கு வந்து விடும். லிஸ்டீரியா, கர்ப்பிணிகளுக்கு வந்தால், கருவையே கலைத்து விடக் கூடியது. அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2010லிருந்து 2012 வரை நடத்திய ஆய்வில், பிராணிகளுக்கென்று விற்ற 196 பச்சை இறைச்சி மாதிரிகளில், 15ல் சால்மோனெல்லாவும், 32ல் லிஸ்டீரியாவும் இருந்தனவாம்.

''பிரிஜ்ல உறைய வெச்சுத் தானே டாக்டர் போடறேன்?'' என்றேன். உறைய வைத்தால் இந்தக் கிருமிகள் தூங்குமே தவிர, சாகாதாம். வேக வைத்தால் தான் சாகும். போதாக்குறைக்கு, ஆட்டு ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டிப் புழு இருந்து, அதை நாய் பச்சையாகத் தின்றால், நாயின் மலத்தின் வழியாக முட்டை பரவி, மனிதருக்குக் கல்லீரலில் கட்டி வரும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நான் செய்தவை ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தன. கோழிக் கழுத்தை வெட்டிய அதே அரிவாள்மனையில், வெள்ளரிக்காய் அரிந்து மகளுக்குக் கொடுத்திருக்கிறேன். சாப்பிட்ட வாயோடு மணி, அவள் கையை நக்கும். அவளும் சிரித்துக் கொண்டே கொஞ்சுவாள். கடவுளே! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளே, மகளைப் பார்க்கும் லேடி டாக்டரிடம் அழைத்துப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. பேரன் பிறந்து, இப்போது தவழ்கிறான்.

மகனுக்குப் போன் செய்தேன். அவன் விடவில்லை. ''பாக்கெட் தீனியில மட்டும் கிருமி வராதாம்மா? அமெரிக்காவுல, 2012ல உலர் தீனியாலேயே சால்மோனெல்லா பரவியிருக்கு,'' என்றான். உண்மை தான். அதனால், எந்தத் தீனியைத் தொட்டாலும், சோப்புப் போட்டுக் கை கழுவுவது நல்லது. அதற்காக, பச்சைக் கறியும், பாக்கெட்டும் ஒன்றாகி விடுமா? ஓநாய் வம்சம் என்கிறானே... மனிதனோடு வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு, ஓநாயை விட அதிகமாகி விட்டதாக, சுவீடன் விஞ்ஞானிகள், 2013ல் கண்டறிந்து எழுதியிருக்கின்றனர். எங்கள் பாட்டி வீட்டு நாய், கம்பங்கூழும், மோரும் குடித்தே வளர்ந்தது.

''அதெல்லாம் இருக்கட்டும்டா. கறி வாங்கறது நான், வெட்டறது நான், கழுவறது நான், பேதியை அள்றது நான். நீ போன்ல 'மாத்திடு'ன்னு ஒரு வார்த்தை சொல்றே. மாத்தறதுக்கு முன்னாடி, 'உன்னால முடியுமாம்மா, வீட்ல யார் இருக்கா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா?'' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ''தப்பு தாம்மா,'' என்றான். அடுத்த மாதம் லீவு போட்டு வந்து, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டு, மணியை அவனே குளிப்பாட்டி விட்டுத் தான் போனான்.

இப்போது மணிக்கு, பழைய உலர் தீனி தான். மாலையில் மட்டும், வேக வைத்த கோழிச் சதையை, டாக்டர் சொன்ன அளவில் சேர்க்கிறேன். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயமும், பூண்டும் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். வேக வைத்த எலும்பு, சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழித்து விடும் என்பதால், எலும்பு அறவே இல்லை. அரிப்பு போய், முடியும் வளர்ந்து விட்டது.

பச்சைக் கறி போட்டு நாய் வளர்ப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கால்நடை டாக்டரிடம் சத்துக் கணக்குக் கேட்டு, தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கிண்ணம் வைத்து, நம் ஊர் வெயிலில் 1 மணி நேரம் கூடக் கறியை வெளியில் வைக்காமல், மிச்சத்தை உடனே அப்புறப்படுத்தி, மலத்தை அன்றன்றே அள்ளிப் போட முடிந்தவர்கள், அவர்கள் விருப்பப்படி செய்யட்டும். ஆனால், கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோர், நோயாளி இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

தோழியரே... நாயின் தீனியோ, குழந்தையின் பாலோ, வீட்டில் யாராவது, 'நாளையிலிருந்து மாத்திடு' என்றால், உடனே தலையாட்டாதீர்கள். 'எதற்கு மாற்ற வேண்டும், வேலையை யார் செய்வது, யாருக்கு ஆபத்து?' என்று, மூன்று கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறியதால் பட்ட பாடு, நீங்கள் படக் கூடாது என்று தான் எழுதினேன்.

— ஒரு வாசகி, மதுரை.