சாணைக்கல்லுக்கும் ஒரு மணை வேண்டும்

போன மாதம் அம்மாவின் இடது கட்டைவிரலில் மூன்று தையல். கத்தி மேல் பழி போட முடியாது, அது தக்காளியைக்கூட நசுக்கித்தான் வெட்டும். குற்றவாளி, தாத்தா விட்டுப்போன சாணைக்கல். மேல்பக்கம் நாற்பது வருஷத் தேய்ப்பில் வழவழவென்று சமமாக இருக்கும். அடிப்பக்கம் ஆமை முதுகு. சமையல் மேடையில் வைத்து அம்மா தீட்டும்போது கல் ஒரு பக்கம் சாய்ந்தது, பிடித்திருந்த கை நழுவியது, அவ்வளவுதான். "கல்லு ஆடுதுடா, எதையாவது முட்டுக் கொடுடான்னு எத்தனை நாளா சொல்றேன்" என்று ரத்தத்தோடு என்னைத்தான் திட்டினார். நியாயம்தான்.

சாணைக்கல்லுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிக்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: சிரித்துவிட்டு உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் கத்தியைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம் :-)

முத்தியால்பேட்டையில் பழைய வீட்டில் இருந்தவரை இந்தப் பிரச்சினையே கிடையாது. ஆயா அம்மியின் ஓரத்தில் தீட்டுவார். தாத்தா கிணற்றடித் துவைகல்லில் ஒரு குழி இருக்கும், அதில் இந்தக் கல்லை அமுக்கி வைத்துத் தீட்டுவார். இரண்டுமே அசையாத கனம். லாஸ்பேட்டை ஃபிளாட்டுக்கு வந்தபோது கல்லை எடுத்து வந்தோம், அது உட்கார்ந்திருந்த குழியை எடுத்து வரவில்லை. கிரானைட் மேடை கண்ணாடி மாதிரி. அதில் ஆமை முதுகு எப்படி நிற்கும்?

நம்மவர்களுக்கு இந்த விஷயம் தெரியாமல் இல்லை. பெரிய மார்க்கெட்டில் (குபேர் அங்காடி) மீன் நறுக்கும் அம்மாக்களைப் பாருங்கள். வஞ்சிரமோ சங்கராவோ, இரண்டு கையும் மீனில்தான் இருக்கும். கத்தியைப் பிடிப்பது கால். அரிவாள்மணையில் பாதிப் பெயர் மணைதான். கத்திக்கு ஒரு பலகை கொடுத்து, அதன் மேல் உடம்பு கனத்தை வைத்து, கையை விடுதலை செய்திருக்கிறார்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது' என்று சொல்கிறோமே, மரத்தில் எப்படித் தீட்டுவது என்று யோசித்ததுண்டா? பனையேறிகள் பாளைக்கத்தியைப் பலகையில்தான் தீட்டுவார்கள். வெள்ளைக்கல்லை இடித்துத் தூளாக்கி, பலகையில் தூவித் தேய்ப்பது. அங்கே மணையேதான் சாணை. இன்னும் பின்னால் போனால், பெல்லாரி பக்கம் சங்கனகல்லில் புதிய கற்காலத்து ஆட்கள் கோடரியைப் பாறையிலேயே தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கியிருக்கிறார்கள். மலையை யாரால் ஆட்ட முடியும்!

ஆடினால் என்ன கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக் கத்தியை ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி சாய்த்துப் பிடித்துத் தீட்ட வேண்டும். என் கல்லின் அகலம் 6 செ.மீ. ஒரு ஓரம் 2 மி.மீ. எழும்பித் தாழ்ந்தாலே கோணம் ஏறக்குறைய 2 டிகிரி மாறிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் இப்படி மாறினால் விளிம்பு கூராகாது, உருண்டையாகும். அம்மா அரை மணி நேரம் தீட்டியும் தக்காளி நசுங்கியதற்கு இதுதான் காரணம். மழுங்கின கத்தியை அழுத்தி வெட்ட வேண்டும், அழுத்தினால் வழுக்கும். அந்தக் காயமும் இங்கிருந்துதான் ஆரம்பம்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அடியை மெஷினில் கொடுத்துச் சமமாக அறுத்துவிடு என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். எனக்குச் சம்மதமில்லை. இயற்கைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ரேகைகள் ஓடும். அறுக்கும்போது பிளந்தால் இரண்டு துண்டு கூழாங்கல்தான் மிச்சம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் போச்சு என்றும் சொன்னார்கள். பல் போன அரிவாளுக்கு அவரை விட்டால் ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டார் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். வாரா வாரம் செய்கிற வேலை இல்லை அது.

நண்பன் ஒருவன் (எல்லாரும் இஞ்சினியர்தானே) "மூன்று புள்ளி போதும்டா, முக்காலி ஆடாது" என்றான். எம்-சீல் உருட்டி மூன்று கால் ஒட்டினேன். ஆடவில்லை, உண்மை. ஆனால் கல்லின் மூலையில் கத்தியை அழுத்தியதும் குபுக்கென்று கவிழ்ந்தது. மூன்று காலும் சேர்ந்து வரையும் முக்கோணத்துக்கு வெளியே பாரம் விழுந்தால் முக்காலியும் கவிழும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவர்கள் நாங்கள்!

ஆகவே என் கட்சி: கல்லைத் திருத்தாதே, கல்லுக்கு ஏற்ற குழியைச் செய். முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முயன்றேன். பேரில் பாரிஸ் இருக்கிறது, நம்ம ஊருக்குப் பொருத்தம்தான். அரை மணியில் இறுகியது, ஆனால் தீட்டும்போது விழும் தண்ணீரில் பத்தே நாளில் மாவாக உதிர்ந்தது. இரண்டாவது தடவை சிமெண்ட். பழைய மரக்கடையில் வாங்கிய கதவுத் துண்டுகளில், கல்லைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல்கடை பெரிதாக ஒரு தட்டு அடித்தேன். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், தண்ணீர் குறைவாகக் கெட்டியாகக் குழைத்து நிரப்பினேன். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, கல்லை ஆமை முதுகு கீழே இருக்க வைத்து மெதுவாக அமுக்கினேன். மேல்முகத்தில் ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கல்லின் மிக அகலமான இடத்துக்குக் கீழேயே கலவை நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் கல் உள்ளே சிறைப்பட்டுவிடும். மறுநாள் கல்லைத் தூக்கி, தாளை உரித்துவிட்டு, குழியை ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்தேன். தட்டுக்கு அடியில் மடித்த ஈரத்துணி ஒன்று போதும், நகராது. மேடையிலிருந்து கல் நாலு விரல் உயர்ந்துவிட்டதால் விரல் முட்டியும் இடிப்பதில்லை.

எதற்குத் தாள், நேராகவே ஒட்டவைத்திருக்கலாமே என்று நண்பன் கேட்டான். ஆயாவின் அரிவாள்மணை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் அலகு வளைந்து நிற்பது, அதைக் கல்லுக்குக் கொண்டுவர முடியாது, கல்லைத்தான் அதனிடம் எடுத்துப்போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்ததும் ஆயா குழியிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு போகிறார். திருப்பி வைக்க மட்டும் மறந்துவிடுகிறார்.