ஜன்னலைத் திறந்தால் சாம்பல், மூடினால் புழுக்கம்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை அடுத்த கடலோரக் காட்டுப்பள்ளியில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வதில்லை, காற்றின் திசை முடிவு செய்கிறது. கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் வங்காள விரிகுடாவின் காற்று உள்ளே வரும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் எடுத்தால், தெற்கும் தென்மேற்குமாக நிற்கும் வட சென்னை அனல் மின் நிலையத்தையும் வல்லூர் அனல் மின் நிலையத்தையும் காமராஜர் துறைமுகத்தின் நிலக்கரிக் குவியல்களையும் கடந்துதான் காற்று இந்த மீனவக் குப்பங்களை எட்டும்.

வீட்டுக்குள் காற்று கெட்டிருந்தால் ஜன்னலைத் திற என்று மருத்துவர்களும் பொறியாளர்களும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் வெளிக்காற்று சுத்தமானது என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். பழவேற்காடு ஏரியின் தென்கோடியில் வாழும் மக்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். சுவரும் கூரையும் அன்றிரவு யாரையும் காக்கவில்லை.

வீடு முன்பு எப்படி இருந்தது? பனையோலைக் கூரை, மண் சுவர், வாசலில் திண்ணை. விறகடுப்பின் புகை ஓலையின் இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். ஆனால் அந்தக் குடிசை ஒரு பொறியில் எரிந்துபோகும், ஒரு புயலில் பறந்துபோகும். அதற்குத் திரும்புங்கள் என்று மீனவர்களிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதன் இடத்தில் எதை வைத்தோம் என்பதுதான் கேட்க வேண்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையோரத்தில் பலருக்கு முதலில் கிடைத்தவை தார் ஷீட் கொட்டகைகள். பகலில் உள்ளே உட்கார முடியாத அளவுக்கு அவை கொதித்தன. அதன்பின் வந்த நிரந்தர வீடுகளுக்கு அரசு வைத்த அளவு 325 சதுர அடி. அந்த அளவில் குடும்பம் அடங்காதபோது பின்னால் ஒரு தாழ்வாரம் இழுப்பார்கள். அதற்கு மலிவாகக் கிடைப்பது சிமெண்டு ஷீட் என்று கடைக்காரர் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ்.

இந்த ஷீட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியா 1986இல் புதிய சுரங்கக் குத்தகைகளை நிறுத்தியது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் இழையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஷீட் வார்ப்பது நிற்கவில்லை. சிமெண்டுக்குள் இறுகியிருக்கும்வரை அதன் இழை பெரும்பாலும் அடங்கியிருக்கும். துளை போடும்போதும், அறுக்கும்போதும், வருடக்கணக்கில் மழையும் உப்புக்காற்றும் அரிக்கும்போதும் அது காற்றில் கலக்கும். வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்த 2016 டிசம்பர் 12 போன்ற நாட்களில் கூரைகள் நொறுங்குகின்றன. உடைந்த துண்டுகளை அள்ளிப் பத்திரமாகப் புதைக்க எந்தக் குப்பத்திலும் ஏற்பாடு கிடையாது. நோய் தெரியவர 20, 30 ஆண்டுகள் ஆவதால், இன்று கூரை மாற்றும் இளைஞரின் நுரையீரல் பற்றி இன்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

இதில் வணிகத்தின் அழுத்தமும் உண்டு. இலங்கை அரசு ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை 2018இல் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டு கிடைத்ததைக் காரணம் காட்டி, ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே கொழும்பு தன் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஏற்றுமதியில் ரஷ்யா முன்வரிசை நாடு.

கூரையைப் போல சுவருக்கும் ஒரு கதை இருக்கிறது. இந்திய நிலக்கரியை எரித்தால் எடையில் 30 முதல் 45 விழுக்காடு சாம்பலாக மிஞ்சும். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்கள் சாம்பல் கலந்த பொருட்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது 2021 டிசம்பர் 31ஆம் தேதியிட்ட மத்திய அறிவிக்கை. ஃப்ளை ஆஷ் செங்கல்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சாம்பலில் ரேடியம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், காற்றோட்டமுள்ள வீட்டில் அதிலிருந்து வரும் ரேடான் வாயு தங்காது. காற்றோட்டம் இருந்தால்தான் அந்த ஆறுதல் என்பதை மறக்கக் கூடாது. செங்கல்லில் இறுகிய சாம்பலைவிட, செப்பாக்கம் அருகே சாம்பல் குளத்தில் காய்ந்து பறக்கும் சாம்பல்தான் உடனடி ஆபத்து. எண்ணூர்ப் பகுதியின் சாம்பல் மாசு பற்றி 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்பளித்து, சீரமைக்கும் பொறுப்பை மின்வாரியத்தின்மீது வைத்தது.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு ஒரு எளிய கணக்குச் சொல்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதியில், கதவை விட்டுவிட்டு, ஜன்னல் திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. அதற்கு 60 சதுர அடி ஜன்னல் வேண்டும், அதாவது நாலுக்கு நாலடியில் ஏறக்குறைய நான்கு. எல்லாவற்றையும் ஒரே சுவரில் வைத்தாலும் பயனில்லை, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். 3.5 லட்சம் ரூபாயில் வீட்டைக் கட்டி முடிக்கத் திணறும் குடும்பம் முதலில் குறைத்துக்கொள்வது ஜன்னலைத்தான். கடற்கரை மாவட்டங்களில் கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல், அடுக்களையில் கூரையை ஒட்டிய புகைத்துளை, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கூரை ஆகியவற்றுக்கு அரசு தனித்தொகை தர வேண்டும்.

அளக்காமல் எதையும் கேட்டுப் பெற முடியாது. வெளிக்காற்றின் நுண்துகளுக்கு 2009இலேயே தேசிய வரம்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குச் சட்டப்படியான வரம்பு ஏதுமில்லை. அளப்பது முடியாத காரியமும் அல்ல. சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தமிழகக் கிராமத்து அடுக்களைகளில் அளந்திருக்கிறார்கள். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்விலும் அவர்கள் பங்கேற்றார்கள். விறகுக்குப் பதில் எரிவாயு தந்ததும் நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் வேறுபாடு தெரியவில்லை. மாசின் ஒரு மூலத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்கு 2023 செப்டம்பர் 5இல் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. கப்பல் கட்டும் தளத்துக்காக ஏற்கெனவே ஒரு குப்பத்தை இடம்பெயர்த்த மண் இது. அந்தக் கூட்டம் இனி நடக்குமானால், அதற்கு முன் ஓராண்டு முழுக்க, கொண்டல் காலத்திலும் கச்சான் காலத்திலும், காட்டுப்பள்ளி, காளாஞ்சி, அத்திப்பட்டு, செப்பாக்கம் வீடுகளுக்குள் காற்றை அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு மக்கள் கையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்தாக வேண்டும்.