குறி ஒன்று, பலி பல

போரை மேடையில் நின்று பேசுவது எளிது. நாம் காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நின்று பேசுவோம்.

அங்கே துறைமுகம் இருக்கிறது. கடலோரக் காவற்படைக்குக் கப்பல் கட்டித் தந்த தளம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்கென 2010இல் திறக்கப்பட்ட ஆலை இருக்கிறது. அவற்றை அடுத்துப் பழவேற்காடு வரையில், வலையும் படகுமன்றி வேறு கருவி அறியாத மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. நாளை போர் மூண்டால், பகைவனின் வரைபடத்தில் கப்பல் தளத்துக்குப் புள்ளி விழும். குப்பத்துக்கு?

கற்பனை அன்று இது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் குண்டடி பட்டது, போரில் பங்கில்லாத உயிர்கள் போயின.

இன்றோ குண்டு தனி மனிதனையே தேடிச் செல்கிறது. "ஒரு தலைவன் ஒழிந்தால் ஓராயிரம் உயிர் பிழைக்கும்" என்கின்றனர். அந்த வாதத்தை எள்ளி ஒதுக்க வேண்டாம். படை நடத்துபவன் படைக்கலத்துக்கு இலக்காவது போரின் விதி. ஆனால், பக்கத்து வீட்டுக் குழந்தை எந்தப் படையை நடத்தியது? 2002 ஜூலையில், சலா செகாதே என்ற ஹமாஸ் படைத்தலைவரைக் கொல்ல, மக்கள் நெருங்கி வாழும் காசா தெருவில் ஒரு டன் குண்டை வீசியது இஸ்ரேல். அவரோடு குழந்தைகளும் மடிந்தனர். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில், அமெரிக்காவின் ஆளில்லா விமானம் 10 பேரைக் கொன்றது. எழுவர் குழந்தைகள். தேடிய பகைவன் அங்கே இல்லவே இல்லை! பிழை என்று பின்னர் அமெரிக்கப் படையே ஒப்புக்கொண்டது.

2006 ஆகஸ்ட் 14 அன்று இலங்கை விமானப்படை முல்லைத்தீவுச் செஞ்சோலையில் குண்டு பொழிந்தது. மாண்டவர் 50 பேருக்கு மேல், பெரும்பாலோர் மாணவியர். "பயிற்சி முகாம்" என்றது கொழும்பு. நாம் கொதித்தோம், கொதித்தது நியாயம்.

கசக்கும் ஒன்றையும் கேளுங்கள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். குறி ராஜீவ் காந்தி ஒருவர். அவரும் களத்தில் நின்றவர் அல்லர், தேர்தல் கூட்டத்துக்கு வந்தவர். அவரோடு காவலரும் தொண்டரும் மாண்டனர். செஞ்சோலைக்குக் கண்ணீர், ஸ்ரீபெரும்புதூருக்குச் சமாதானம் என்றால், நாம் பிடித்திருப்பது தராசு அன்று, வெறும் கொடிக்கம்பு!

படைப் பயனுக்கு மிஞ்சிக் குடிமக்கள் சாவார்கள் என்று தெரிந்தால் தாக்காதே என்கிறது 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் உடன்படிக்கை. மிஞ்சியதா என்று அளப்பவன் யார்? குண்டு வீசுபவனே! அவனிடம் ஒன்று கேட்போம்: "அடுத்த வீட்டில் உன் பிள்ளை உறங்கினால் வீசுவாயா?" மாட்டான் எனில், காத்திருக்கட்டும்; அல்லது வீரரை அனுப்பிப் பிடிக்கட்டும். ஆபத்தை ஏற்கச் சீருடை அணிந்தவன் சிப்பாய். குப்பத்துக் குழந்தை அன்று.

அந்த உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. சேர வேண்டும் என்ற குரல் நம் கிளைக் கூட்டங்களில் எழட்டும், காட்டுப்பள்ளியிலிருந்தே எழட்டும்!