சிவப்புக் கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

மிசூரி மாநிலத்துக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆன ஒரு தம்பி மெயில் அனுப்பியிருக்கிறார். "அண்ணா, ஏப்ரல் வந்தால் ஆபீஸில் பாதிப் பேர் வான்கோழி வேட்டைக்கு லீவு போடுகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சொந்த நிலம் கிடையாது, துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. சரிப்பட்டு வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

சரிப்பட்டு வரும் தம்பி. நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பித்த எனக்கே சரிப்பட்டு வந்தது. ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் காட்டுக்கு மட்டும்தான்.

முதலில் விசாவைப் பார்ப்போம். இதை ஆபீஸ் நண்பர்கள் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இங்குள்ள மத்தியச் சட்டம். அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். ஆகவே உரிமம் கைக்கு வரும் முன்பு நண்பரின் துப்பாக்கியை 'சும்மா பிடித்துப் பார்ப்போமே' என்றுகூட வாங்காதீர்கள். உரிமம் காலாவதி ஆகிவிட்டதா என்பதிலும் கவனம் வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தக் கட்டணம் வீண்செலவு அல்ல.

அடுத்து, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. மிசூரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். அதோடு வசந்தகால வான்கோழிக்கென்று தனி பெர்மிட் வாங்க வேண்டும்.

நிலம் இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். மிசூரியின் தென்பாதியில் மட்டும் மார்க் ட்வெயின் தேசியக் காடு சுமார் 15 லட்சம் ஏக்கர் பரந்து கிடக்கிறது. பெர்மிட் இருந்தால் நீங்களும் போகலாம், கோடீஸ்வரரும் போகலாம், கேட் கிடையாது. மாநில வனத்துறையின் பாதுகாப்புப் பகுதிகள் வேறு தனியாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. வருடா வருடம் விதிகள் மாறுவதால், அந்த வருடத்துக் கையேட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தப் பறவையைப் பற்றிக் கொஞ்சம். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப்போன வான்கோழி என்று மூதுரை படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் மனசுக்குள் அதற்கு ஒரு மட்டமான இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அமெரிக்க வான்கோழி, கொலம்பஸ் வந்து போன பிறகுதான் கண்டம் தாண்டியது. 1612-ல் கோவா வழியாக ஜஹாங்கீர் அரண்மனைக்கு ஒன்று வந்தபோது, மன்னர் அதிசயப்பட்டு மன்சூரை விட்டு வரையவே சொன்னார். அந்த ஓவியம் இன்றும் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. மூதுரை கொலம்பஸுக்கு முந்தியது என்றால் அதில் வரும் வான்கோழி வேறு ஏதோ பறவையாகத்தான் இருக்க வேண்டும். காட்டுச் சேவல் ஒன்று காலை வெயிலில் வாலை விசிறி, செம்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டு ஆடுவதை ஒருமுறை பார்த்தால் நீங்களும் இதையே சொல்வீர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது கிட்டத்தட்ட அழியும் நிலைக்கு வந்துவிட்டது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு வெடிமருந்தால் பறக்கும் வலையை வீசி, காட்டுப் பறவைகளையே பிடித்து வெவ்வேறு காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின. மிசூரியில் 1960-ல் மறுபடி வேட்டைக்கு அனுமதித்தபோது மூன்றே நாள் சீசன், கிடைத்தது மொத்தம் 94 பறவை. இந்த வேலைக்கான பணத்தில் பெரும்பங்கு 1937-ல் வந்த ஒரு சட்டத்தால் கிடைக்கிறது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி, அது நேராக மாநில வனவிலங்குப் பணிக்குப் போகிறது. "பாவம்டா, கடையில கிடைக்கிறதை வாங்கித் தின்னக் கூடாதா?" என்று அம்மா போனில் கேட்டபோது இந்த வரிக் கணக்கைத்தான் சொன்னேன். "அதெல்லாம் சரி" என்றாரே தவிர, சமாதானம் ஆகவில்லை.

மிசூரி சீசன் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்களில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும். மொத்தம் இரண்டு பறவை, முதல் வாரத்தில் ஒன்றுதான். சேவலையோ, வெளியே தெரியும்படி தாடி உள்ள பறவையையோ மட்டுமே சுடலாம். தாடி என்றால் நெஞ்சிலிருந்து குதிரை வால் மயிர் போலத் தொங்கும் கற்றை. பொது நிலத்தில் சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பு ஆரம்பித்து மதியம் ஒரு மணியோடு நிறுத்திவிட வேண்டும். தீனி போட்டு வரவழைப்பது குற்றம்.

சீசனுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, துப்பாக்கி இல்லாமல், காட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள். பாதி வேட்டை இதில்தான் இருக்கிறது. தரையில் சருகை யாரோ வாரியலால் வாரிவிட்டது போலக் கிளறியிருந்தால் அது வான்கோழி தீனி தேடிய இடம். எச்சத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா சொல்லலாம். சேவலின் எச்சம் தூண்டில் முள் போல ஒரு பக்கம் வளைந்திருக்கும், பெட்டையின் எச்சம் சுருண்டு உருண்டையாக இருக்கும். நெஞ்சு இறகு கிடந்தால் எடுத்துப் பாருங்கள், நுனி கறுப்பாக இருந்தால் சேவல், பழுப்பாக இருந்தால் பெட்டை. இவை ராத்திரி மரத்தில்தான் தூங்கும். விடியும் முன் எந்த மேட்டில் இருந்து கூவுகிறது என்று கேட்டு, போனிலுள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு புள்ளி போதாது, நான்கைந்து வேண்டும். ஏனென்றால் முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் போய் நிற்கும்போது அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கும். அப்படி நின்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். அவர் முந்திவிட்டார், அவ்வளவுதான். பொது நிலத்தின் எழுதாத சட்டம் அது.

பெரும்பாலானவர்கள் வண்டியிலிருந்து அரை மைலுக்கு மேல் நடக்கமாட்டார்கள். நீங்கள் ஒரு மைல் நடந்தால் காடு உங்களுடையது. வார நாளில் போங்கள். காலை ஒன்பதரைக்கு எல்லோரும் பசித்துக் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருங்கள். பெட்டைகள் முட்டையிடப் போய்விட, தனியாக நிற்கும் சேவல் அந்த நேரத்தில்தான் காது கொடுக்கும். இட்லிப் பொட்டலம் கொண்டு போவது என் வழக்கம், சிப்ஸ் பாக்கெட் போல அது சத்தம் போடாது.

குரல் கொடுக்க மூன்று விதமான கருவிகள் உண்டு. மூடியைத் தேய்க்கும் மரப்பெட்டி, வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் சவ்வு, நம் பழைய சிலேட்டு மாதிரி ஒரு வட்டத் தட்டும் குச்சியும். புதியவர்கள் சிலேட்டிலோ பெட்டியிலோ ஆரம்பியுங்கள். சவ்வு எனக்கு ஒரு வருடம் குமட்டியது. நாம் கொடுப்பது பெட்டையின் குரல். இயற்கையில் சேவல் ஓரிடத்தில் நின்று கூவும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கி, சேவலை நம்மிடம் வரச்சொல்கிறோம். அதனால்தான் அது தயங்கும். புதியவர் செய்யும் தப்பு, பதில் வந்த சந்தோஷத்தில் விடாமல் தேய்த்துக்கொண்டே இருப்பது. சேவல் ஒருமுறை பதில் சொல்லி நெருங்கி வந்தால், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள்.

இதற்கு மோப்பசக்தி ரொம்பக் குறைவு, ஆனால் கண் பயங்கரம். பக்கவாட்டில் கண்கள் இருப்பதால் தலையைச் சற்றுத் திருப்பினாலே சுற்றி எல்லாம் தெரியும், நிறமும் தெரியும். ஆகவே தலை முதல் கால் வரை காட்டு நிற உடை, முகத்துக்கும் கைக்கும் மறைப்பு. அசையவே கூடாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் இரண்டாவது சீசன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்குக் குரு, ஓய்வுபெற்ற தச்சர். அன்று ஒரு சேவல் இரண்டு தடவை பதில் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது. எட்டு மணி இருக்கும். கீழே ஓடைப் பக்கமிருந்து பெட்டை ஒன்று அழகாகக் கூப்பிட்டது. பெட்டை அங்கே இருந்தால் சேவலும் அங்கேதான் இருக்கும், மெதுவாக இறங்கிப் பார்ப்போம் என்று எழுந்தேன். பெரியவர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிறகு வேட்டையைக் கெடுக்கும்படி உரக்க, "குட் மார்னிங்! இங்கே ரெண்டு பேர் இருக்கோம்!" என்று கத்தினார்.

ஐம்பது அடி கீழே ஒரு மரம் எழுந்து நின்றது. மரம் இல்லை, தலை முதல் கால் வரை இலை உடை போட்ட ஒரு மனிதர். மடியில் ஷாட்கன். பெட்டைக் குரல் கொடுத்தது அவர்தான். அவரும் எங்கள் சிலேட்டுச் சத்தத்தைப் பெட்டை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலே வந்து என்னைப் பார்த்தார். என் பின்பாக்கெட்டைக் காட்டினார். அதிலிருந்து சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கைக்குட்டை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு நிமிஷமா அந்தச் சிவப்பு அசையறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தாடி தெரியட்டும்னு காத்திருந்தேன்" என்றார். ஆடும் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். இதை வகுப்பில் படித்து, பரீட்சையில் சரியாக எழுதியவன்தான் நான்.

அவர் காத்திருந்தார். அதனால்தான் இந்த வாரப் பத்தி உங்களுக்கு வருகிறது.

ஆகவே தம்பி, மற்ற டிப்ஸ் எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பனியனில்கூட வேண்டாம். உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து யாரும் சுட்டால் மரம் வாங்கிக்கொள்ளும். குரல் வரும் திசைக்குப் பதுங்கிப் போகவே கூடாது. சேவல் போலக் கூவும் கருவியைப் பொது நிலத்தில் தொடவேண்டாம், விசிறி வாலை முன்னால் பிடித்துக்கொண்டு நகர்வது அதைவிட மோசம். இன்னொருவர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து மனிதக் குரலில் பேசுங்கள். நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி, சுட்ட பறவையைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுப் பை. தாடியைக் கண்ணால் பார்க்கும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது.

சுடுவது பற்றி அதிகம் இல்லை. 12 கேஜோ 20 கேஜோ, எதுவாக இருந்தாலும் சீசனுக்கு முன் காகிதத்தில் சுட்டு, குண்டுகள் எப்படிப் பரவுகின்றன என்று பாருங்கள். மிசூரியில் நான்காம் எண்ணோ அதைவிடச் சின்ன குண்டோதான் அனுமதி. குறி தலையும் கழுத்தும். 40 கெஜத்துக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள், காயத்தோடு ஓடிப்போய்ச் செத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான் முதல் இரண்டு வருடமும் வெறுங்கையோடுதான் வந்தேன்.

உண்ணிக்குப் பயப்படுங்கள். பெர்மெத்ரின் தெளித்த உடுப்பு, கால்சட்டை சாக்ஸுக்குள், வீட்டுக்கு வந்ததும் குளியல். இந்தக் காடுகளில் முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த ஓர் உண்ணி இருக்கிறது, அது கடித்து ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவுமே ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் உண்டு. பிரியாணிப் பிரியர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வான்கோழியும் கோழியும் மட்டும் அப்போதும் சாப்பிடலாம்.

பறவை கிடைத்தால் அன்றிரவு பத்து மணிக்குள் மாநிலத்துக்குப் போனிலோ ஆன்லைனிலோ பதிவு செய்ய வேண்டும். பிறகு சமையல். நெஞ்சுக்கறியை மெலிதாக நறுக்கி, மிளகும் சோம்பும் அரைத்துப் புரட்டி, நல்லெண்ணெயில் சட்டென்று வறுத்தெடுங்கள். ரொம்ப நேரம் வைத்தால் காய்ந்துவிடும். காலை மட்டும் யாரும் சொல்வதைக் கேட்டுத் தூக்கி எறியாதீர்கள். ஓடி ஓடி உரமேறிய தசை அது, சின்ன வெங்காயம், இஞ்சி, தக்காளியோடு குக்கரில் எட்டுப் பத்து விசில் விட்டால் எலும்பிலிருந்து கழன்று வரும். அந்தக் குழம்பைப் பெரியவருக்கு ஒரு டப்பாவில் கொடுத்தேன். மறுநாள் காலி டப்பாவோடு வந்து, "அடுத்த வருஷம் எப்போ போறோம்?" என்று கேட்டார்.

மெதுவாகக் கடித்துச் சாப்பிடுங்கள், எங்காவது ஒரு குண்டு பல்லில் தட்டும்.