கோள்களின் விளிம்பில் தோன்றும் நிறக்கரை

வான்கோள்களைச் சிறு தொலைநோக்கிகளாற் படம் பிடிக்கும் அன்பர் இந்நாளில் உலகெங்கும் பலராயினர். அவர் எடுக்கும் படங்கள் பலவற்றில் வியாழனும் செவ்வாயும், வேட்டிக்குக் கரையிட்டாற்போல, ஒருபுறம் நீலமும் மறுபுறம் செம்மையும் பூண்டு தோன்றும். இந்நிறக்கரை கோளினுடையதன்று. அதனை நீக்கவேண்டுமென்பதில் ஒருவர்க்கும் ஐயமில்லை. எவ்விடத்து, எவ்வாறு நீக்குதல் தகும் என்பதே வினா. அதன்கண் பலர் கைக்கொள்ளும் வழி தக்கதன்றென்பது என் துணிபு.

இக்கரை இருவேறு காரணங்களாற் பிறப்பது. ஒன்று வில்லை. கண்ணாடி வெவ்வேறு நிறங்களை வெவ்வேறளவு வளைத்தலின் அவை ஒரு புள்ளியிற் குவியா. இக்குறை தீராதென்று கருதியே நியூட்டன் 1668-இல் ஆடியாலாகிய தொலைநோக்கியை அமைத்தார். அவர் கருத்துப் பிழையென்பதை, கிரௌன், பிளிண்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த வில்லைக்கு ஜான் டாலண்டு 1758-இற் பெற்ற காப்புரிமை காட்டிற்று. (அவ்வில்லையை அவர்க்கு முன்னரே செய்வித்தவர் செஸ்டர் மூர் ஹால் என்னும் வழக்கறிஞர், புகழோ டாலண்டைச் சேர்ந்தது.) வில்லையால் வரும் குறை கோளைச் சுற்றிலும் ஊதா மூட்டமாய் நிற்கும்.

மற்றொன்று காற்று. வளிமண்டலம் ஒரு பெரும் பட்டகம் போல நின்று, நீலவொளியைச் செவ்வொளியினும் மிகுதியாக உயர்த்திக் காட்டும். அதனால் வான்முகட்டை நோக்கிய விளிம்பு நீலமும், அடிவானை நோக்கிய விளிம்பு செம்மையும் பெறும். ஆடித்தொலைநோக்கி உடையாரும் இதற்குத் தப்பார். அடிவானினின்று 30 பாகை உயரத்தில் நிற்கும் கோளின் ஊதாவுக்கும் செம்மைக்கும் இடையே 2 விகலைக்கு மேற்பட்ட பிரிவுண்டு. 20 சென்டிமீட்டர் ஆடியோ 0.6 விகலை நுட்பத்தைப் பிரித்துக்காட்ட வல்லது. ஆடி ஈட்டியதைக் காற்றுக் கவர்ந்துகொள்கின்றது.

படமெடுத்தபின் கணினியில், ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் முதலிய மென்பொருள்களால், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று படலங்களையும் நகர்த்தி ஒன்றன்மேலொன்று பொருத்துதல் பலர் கையாளும் முறை. எளிது, செலவுமில்லை. ஆயினும் நீலப்படலம் ஒன்றனுள்ளேயே ஊதா முதற் பசுநீலம் ஈறாகப் பல நிறங்கள் அடங்கியுள்ளன. அவை தம்முள் விலகிக் கலங்கியிருத்தலை எந்நகர்த்தலும் தீர்க்காது. கரை மறையும், கலக்கம் நிற்கும். இதனினும் கொடியது, எஞ்சிய கரையோடு விளிம்பின் நிறத்தையே வெளுத்துவிடும் வழக்கம்.

செவ்வாயின் விளிம்பில் மெய்யாகவே நீலங்கலந்த வெண்முகில் தோன்றுவதுண்டு. 2012 மார்ச்சில், அமெரிக்கராகிய வேய்ன் ஜெய்ஷ்கே முதலிய அன்பர்கள், அக்கோளின் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் 200 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்ததொரு புடைப்பைப் படம் பிடித்தனர். அதனைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அப்புடைப்பு நம் நோக்குக்கு ஏறத்தாழ அரை விகலை அளவினதே. விளிம்பைத் துடைத்து அழகுசெய்யும் கை அதனையும் துடைத்திருக்கும். ஏட்டில் தனக்கு விளங்காத பாடத்தைப் பிழையென்று திருத்திவிடும் பதிப்பாசிரியனுக்கும் இவர்க்கும் வேற்றுமை யாது? திருத்தியபின் மூலபாடம் இன்னதென்று அறியும் வழியும் அடைபடுகின்றது.

ஆதலின் ஒளி படக்கருவியிற் படுமுன்னரே கரையைத் தீர்ப்பது சிறந்ததென்பேன். இதற்கென இரண்டு மெல்லிய பட்டகங்களையுடைய திருத்தியொன்று கிடைக்கின்றது. அவற்றை ஒன்றற்கொன்று எதிராகச் சுழற்ற, காற்றுச் செய்யும் பிரிவுக்கு நேரெதிரான பிரிவு உண்டாகி இரண்டும் கழியும். கோள் ஏறவும் இறங்கவும் பட்டகங்களைச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டுதலின் இதனைத் தொல்லையென்பர் சிலர். விரைந்து குவியும் ஒளியில் பட்டகங்கள் தாமே சிறு குறை விளைக்கும் என்பதும் மெய்யே; பார்லோ வில்லைக்குப் பின் வைத்தால் அது பெரிதாகாது.

நம் நாட்டார்க்கு வேறொரு பேறும் உண்டு. 2019 ஜூனில் வியாழன் லண்டனில் உச்சமாக ஏறத்தாழ 16 பாகையே எழுந்தது. சென்னையில் 54 பாகை ஏறிற்று. அங்கே 5 விகலையாகிய பிரிவு இங்கே 1 விகலை. ஆகவே திருத்தி வாங்கப் பொருளில்லாத மாணவர், கோள் நடுவான் ஏறுமட்டும் காத்திருந்து எடுத்தலே கணினியில் நள்ளிரவுவரை நிறம் நகர்த்துதலினும் நன்று. எடுத்த படத்தின்கீழ் நேரமும், கோளின் உயரமும், படலம் நகர்த்திய அளவும் குறித்தல் வேண்டும். விளிம்பு வெளுத்த படத்தை ஆராய்ச்சிக்கென அனுப்பும் படங்களோடு சேர்த்தல் ஆகாது.